நான்கு நோட்டு நிறைய எழுதியும் ஏன் நினைவில் நிற்கவில்லை?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூருவில் பி.எஸ்சி. நர்சிங் முதல் பருவம் படிக்கிறீர்கள். ஊர் தர்மபுரிப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. வகுப்பில் ஆசிரியர் சொல்வதை ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்கிறீர்கள். இரவு விடுதியில் உட்கார்ந்து அதையே வேறொரு நோட்டில் மூன்று நிறப் பேனாவால் அழகாக எழுதுகிறீர்கள். அப்படி நான்கு நோட்டு நிரம்பிவிட்டது. ஆனால் முதல் இன்டர்னல் தேர்வில் மதிப்பெண் காலை வாரிவிட்டது. கார்னெல் முறை, மன வரைபடம், அட்டவணை முறை என்று பலரும் சொல்வதில் நர்சிங்குக்கு எது ஏற்றது, அடுத்த தேர்வுக்கு இருக்கும் மூன்று வாரத்தில் நான்கு நோட்டையும் அந்த முறைக்கு மாற்றி எழுதிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

எந்த முறை என்பது இரண்டாவது கேள்வி. இவ்வளவு எழுதியும் ஏன் நிற்கவில்லை என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். நான் ஏழு ஆண்டு வார்டில் வேலை பார்த்துவிட்டு, பதினான்கு ஆண்டாக இதே ஊரில் நர்சிங் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். என் வார்டு அனுபவம் பெரியவர்களுக்கான மருத்துவப் பிரிவிலும் அறுவைப் பிரிவிலும் மட்டும்தான். குழந்தைகள் பிரிவுக்கும் மனநலப் பிரிவுக்கும் போகும்போது நான் சொல்வதில் சிலவற்றை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டிவரும்.

இரவில் நீங்கள் செய்வது படிப்பு அல்ல, பிரதி எடுப்பது. கண் பார்க்கிறது, கை எழுதுகிறது. நடுவில் மூளைக்கு வேலையே இல்லை. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. நானும் அதே ஆள்தான். உடற்கூறியல் நோட்டை நான் எழுதிய அழகுக்கு வகுப்பே கடன் கேட்டு வாங்கிப்போகும். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஆசிரியர் ஒரு எலும்பைக் கையில் கொடுத்து, இது வலதா இடதா என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் நான் எந்த மூலையில் பச்சை மையால் கட்டம் போட்டிருந்தேன் என்பது வரை நினைவுக்கு வந்தது. எலும்பைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

இந்த விஷயத்தில் ஐயமில்லாமல் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. படித்ததைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, நோட்டை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து வரவழைக்க முயல்வதுதான் நாள்பட நிற்கும். ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் செய்து பார்த்த சோதனை இதில் பெயர்பெற்றது. ஒரு பகுதியைச் சிலர் இரண்டு முறை படித்தார்கள். சிலர் ஒரு முறை படித்துவிட்டு, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தவர்கள்தான் முன்னே: 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. உங்கள் நிலைமை அப்படியே இதற்குள் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு நோட்டை மூடும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கிறதே, அது அந்த ஐந்து நிமிடத் தெளிவு. 2013இல் டன்லாஸ்கி என்ற உளவியலாளரும் உடனிருந்தவர்களும் படிக்கும் உத்திகள் பத்தை எடுத்து அலசினார்கள். தன்னைத்தானே கேட்டுக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது ஆகிய இரண்டுக்குத்தான் உயர்ந்த இடம் கிடைத்தது. கோடிட்டுப் படிப்பதும் மறுவாசிப்பும் கீழ் வரிசைக்குப் போயின. உங்கள் மூன்று நிறப் பேனாவை நினைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

அதனால் எந்த முறையைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இந்தப் பக்கம் நாளை என்னைக் கேள்வி கேட்குமா? கார்னெல் முறையை நான் மாணவர்களுக்குச் சொல்வதற்கு அந்த ஒரு காரணம் போதும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் படிக்கும் பழக்கங்களைக் கற்றுக்கொடுத்த வால்டர் பாக் 1950களில் வகுத்தது அது. தாளின் இடப்பக்கம் இரண்டரை அங்குலம் விட்டு மேலிருந்து கீழாக ஒரு கோடு. அடியில் இரண்டு அங்குலம் விட்டுக் குறுக்கே ஒரு கோடு. வகுப்பில் வலப்பக்கம் மட்டும் எழுத வேண்டும். வகுப்பு முடிந்தபின், அன்றைக்கே, இடப்பக்கத்தில் அதற்கான கேள்விகள். அடியில் இரண்டு மூன்று வரியில் சாரம். பெரும்பாலான மாணவர்கள் கோட்டை ஒழுங்காகப் போடுகிறார்கள். இடப்பக்கத்தில் தலைப்புகளை எழுதி வைத்துவிடுகிறார்கள். 'வரையறை', 'காரணங்கள்', 'வகைகள்' என்று எழுதினால் அது உங்களை ஒன்றும் கேட்காது. கேள்விக்குறியோடு முடிகிற வாக்கியம் வேண்டும்.

நர்சிங் மாணவர்களுக்கு இடப்பக்கத்தை நான் கொஞ்சம் மாற்றித் தருகிறேன். எந்தப் பாடமானாலும் நான்கு கேள்வி: ஏன் வருகிறது? எங்கே, எதைப் பார்ப்பேன்? என்ன செய்வேன்? எப்போது ஓடிப்போய்ச் சொல்வேன்? படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தில் வரையறை, காரணங்கள், நான்கு நிலைகள், தடுப்பு, பராமரிப்பு என்று வரிசையாக வரும். வலப்பக்கத்தில் அப்படியே சுருக்கி எழுதிக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் 'ஏன்' என்பதற்கு எதிரே நீங்கள் எழுத வேண்டிய கேள்வி இப்படி இருக்கலாம்: முதுகின் அடிப்பக்கமும் குதிகாலும் ஏன் முதலில் கெடுகின்றன? எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோல் நசுங்குகிறது, ரத்த ஓட்டம் நிற்கிறது என்று மனத்துக்குள் பதில் வர வேண்டும். 'எங்கே பார்ப்பேன்' என்பதில்தான் சுவையான சிக்கல். முதல் நிலை என்றால், தோல் கிழியாமல், அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்று புத்தகம் சொல்கிறது. நம் ஊர்க் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகும். அக்கம்பக்கத்துத் தோலைவிட அந்த இடம் சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, வலிக்கிறதா என்று தொட்டும் கேட்டும்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதைக் கேள்வியாக எழுதிவைத்த மாணவி வார்டில் நோயாளியைத் திருப்பிப்போடும்போது கை வைத்துப் பார்ப்பாள். 'நிலைகள் நான்கு' என்று எழுதியவள் நான்கையும் ஒப்பித்துவிட்டுப் போர்வையை மூடிவிடுவாள்.

'என்ன செய்வேன்' என்ற இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றுவது, ஈரம் படாமல் வைப்பது, புரதம் குறையாத உணவு எல்லாம் வரும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது என்பதும் வர வேண்டும். பழைய முறையில் அந்த இடத்தை நன்றாகத் தேய்த்துவிடச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போதைய வழிகாட்டுதல்கள் வேண்டாம் என்கின்றன. புண்ணின் பெயரும் மாறியிருக்கிறது: 2016இல் படுக்கைப் புண்ணுக்கான அமெரிக்க ஆலோசனைக் குழு 'பிரஷர் அல்சர்' என்பதை 'பிரஷர் இஞ்சுரி' என்று ஆக்கியது. சீனியர்களின் நோட்டைக் கடன் வாங்கிப் படிப்பவர்கள் இந்த இரண்டு இடத்திலும் வழுக்குவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதியோடு, எந்தப் புத்தகம், எத்தனையாவது பதிப்பு என்பதையும் குறித்துவையுங்கள்.

கார்னெல் எல்லாப் பாடத்துக்கும் ஒத்துவராது. உடற்கூறியலுக்குப் படம்தான். பெயரில்லாத படத்தை வரைந்து, மறுநாள் பெயரெழுத முயலுங்கள். மருந்தளவுக் கணக்குக்குக் குறிப்பே எடுக்காதீர்கள், கணக்கைப் போடுங்கள். ஆயிரம் மில்லி திரவம், எட்டு மணி நேரம், ஒரு மில்லிக்கு இருபது சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு எத்தனை? இருபதாயிரத்தை 480ஆல் வகுத்தால் 41.67, கையில் பிடிப்பது 42. இதுபோல் நாளுக்கு மூன்று போட்டால் சூத்திரம் தானே மனத்தில் ஏறும். செய்முறைகளுக்கு மட்டும் நீங்கள் சொல்லும் அட்டவணை முறை பொருந்தும். இரண்டு பத்தி போதும்: இடப்பக்கம் படி, வலப்பக்கம் அந்தப் படியின் காரணம். உங்களை நீங்களே சோதிக்கும்போது வலப்பக்கத்தை மூடாதீர்கள், இடப்பக்கத்தை மூடுங்கள். காரணத்தைப் பார்த்துப் படியைச் சொல்ல முடிந்தால் செய்முறை கைக்கு வந்துவிட்டது.

மருந்தியல் உங்களுக்கு மூன்றாம் பருவத்தில்தான் வரும். ஆனாலும் இப்போதே சொல்லிவைக்கிறேன், அங்கேதான் நிறையப் பேர் மூழ்குகிறார்கள். மருந்து நோட்டை எழுத்து வரிசையில் எழுதாதீர்கள். மருந்துகளைக் குடும்பம் குடும்பமாகச் சேருங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அட்டை. முன்பக்கம் பெயர், பின்பக்கம் எதற்கு, கொடுக்கும் முன் எதைப் பார்ப்பேன், கொடுத்தபின் எதைப் பார்ப்பேன், எதனோடு மோதும். இதய நோய்க்குக் கொடுக்கும் டிகாக்சினை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் இதயத் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60க்குக் கீழ் என்றால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பசி போவது, குமட்டல், விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிவது எல்லாம் விஷமேறும் அறிகுறி. இதே நோயாளிக்குப் பெரும்பாலும் நீர் பிரிய ஃபுரோசமைடும் கொடுத்திருப்பார்கள். அது பொட்டாசியத்தை வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் விஷமேறுவது எளிது. இந்த இரண்டு அட்டைக்கும் நடுவே ஒரு அம்பு போட்டு இணைப்பதுதான் என்னைப் பொறுத்தவரை மன வரைபடத்தின் நல்ல பயன். மற்றபடி நடுவில் வட்டம் போட்டு எட்டுக் கால் பூச்சி மாதிரி கோடு இழுப்பதால் எனக்குப் பெரிய நன்மை தெரிந்ததில்லை.

அந்த அம்பு எவ்வளவு முக்கியம் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் தெரிந்துகொண்டேன். இரவுப் பணி. லேபிலிருந்து தொலைபேசியில் ஒருவரின் பொட்டாசியம் அளவைச் சொன்னார்கள். கையில் தாள் இல்லை, உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டியிருந்தது, கையைக் கழுவினேன். பிறகு உள்ளங்கையைப் பார்த்தால் புள்ளிக்குப் பின்னால் இருந்த 9 மட்டும் மிச்சம். 2.9ஆ, 3.9ஆ? சாதாரண அளவு 3.5 முதல் 5 வரை. ஒன்று நிம்மதி, இன்னொன்று ஆபத்து. அவர் டிகாக்சினும் ஃபுரோசமைடும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தவர். மறுபடி கூப்பிட்டுக் கேட்டேன்: 2.9. கேட்டதை அந்த இடத்திலேயே திருப்பிச் சொல்லி உறுதிசெய்திருந்தால், எண் கையிலிருந்து போனாலும் காதில் நின்றிருக்கும். அன்றிலிருந்து என் சட்டைப்பையில் நான்காக மடித்த ஒரு ஏ4 தாள் இல்லாமல் நான் வார்டில் நுழைந்ததில்லை.

அந்தத் தாளைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். கிளினிக்கல் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சிக்குப் போகும்போது தடித்த நோட்டு வேண்டாம். ஒரு மடிப்புக்கு ஒரு நோயாளி. வயது, நோய், இன்றைக்கு என்ன மாறியது, எத்தனை மணிக்கு என்ன செய்ய வேண்டும். டியூட்டி ஒப்படைக்கும்போது எஸ்பார் வரிசையில் சொல்லிப் பழகுங்கள்: இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் பார்த்தது என்ன, என்ன வேண்டும் என்று கேட்கிறேன். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்த பழக்கம் மருத்துவமனைக்கு வந்தது என்பார்கள். தாளில் நோயாளியின் பெயரை எழுதாதீர்கள், கேஸ் ஷீட்டைக் கைபேசியில் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். பணி முடிந்ததும் தாளைக் கிழித்துவிடுங்கள். உங்கள் சொந்தக் குறிப்பு வேறு, நோயாளியின் பதிவேட்டில் எழுதும் நர்சஸ் நோட்ஸ் வேறு. பின்னது சட்டப்படியான ஆவணம். அதில் உங்கள் சுருக்கெழுத்துக்கு இடமில்லை. இன்சுலின் 'யூனிட்' என்பதை ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் பூஜ்யமாகத் தெரிந்து, 4 என்பது 40 ஆகிவிடும். அதுபோல் 5.0 என்று எழுதினால் புள்ளி மறைந்து 50 ஆகும்; .5 என்று எழுதினால் 5 ஆகும். 5 என்றும் 0.5 என்றும்தான் எழுத வேண்டும். சொந்த நோட்டிலும் இப்படியே எழுதிப் பழகுங்கள், கைப்பழக்கம் நோட்டுக்கு நோட்டு மாறாது.

நீங்கள் நேராகக் கேட்காத, ஆனால் உங்கள் கேள்வியில் ஒளிந்திருக்கிற இன்னொன்று, மொழி. ஆசிரியர் ஆங்கிலத்தில் பேசுகிறார், அது புரிவதற்குள் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார், அதனால் புரியாமலே எல்லாவற்றையும் எழுதிவைக்கிறீர்கள். சரிதானே? சொல்லை ஆங்கிலத்தில் எழுதுங்கள், காரணத்தைத் தமிழில் எழுதுங்கள். தேர்வு ஆங்கிலத்தில், ஆகவே கலைச்சொல் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் வர வேண்டும். ஆனால் 'ஏன்' என்பது உங்களுக்கு எந்த மொழியில் விளங்குகிறதோ அந்த மொழியில்தான் நிற்கும். பக்கத்தின் அடியில் எழுதச் சொன்ன சாரத்தை முதல் பருவம் முழுவதும் தமிழிலேயே எழுதுங்கள். வார இறுதியில் அந்த மூன்று வரியை மட்டும் புத்தகம் பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். நான் கவனித்தவரையில் தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் இரண்டாம் பருவத்துக்குள் இந்த ஊன்றுகோலைத் தாமாகவே கீழே வைத்துவிடுகிறார்கள். இது என் வகுப்பறையில் கண்டது. ஆராய்ச்சி முடிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவதாகக் கன்னடம். விக்டோரியா, பௌரிங் போன்ற அரசு மருத்துவமனைகளின் பொது வார்டில் ஒரே வரிசையில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது என்று நான்கு மொழி படுத்திருக்கும். உங்கள் நோட்டின் கடைசி நான்கு பக்கத்தை நோயாளி பேசும் சொல்லுக்கு ஒதுக்குங்கள். நோவு, வாந்தி, தலெ சுத்து எல்லாம் நமக்குச் சொந்தக்காரச் சொற்கள், பயமே வேண்டாம். 'எல்லி நோவு' என்றால் எங்கே வலிக்கிறது. 'பக்கக்கே திருகி' என்றால் பக்கவாட்டில் திரும்புங்கள். ஆனால் ஏமாற்றும் சொற்களும் உண்டு. என் மாணவி ஒருத்தியிடம் ஒரு பாட்டி காலைக் காட்டி 'ஊத, ஊத' என்றிருக்கிறார். இவள் அதை 'ஊட்டா' என்று கேட்டு, பாட்டிக்குப் பசிக்கிறது என்று சிஸ்டரிடம் போய்ச் சொன்னாள். ஊட்டா என்றால் சாப்பாடு. ஊத என்றால் வீக்கம். நம் ஊரில் முகம் ஊதிப்போயிருக்கிறது என்கிறோமே, அதே ஊதல்தான். சிஸ்டர் வந்து பாட்டியின் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினார். குழி அப்படியே நின்றது. அந்தச் சொல்லை அந்த மாணவி எந்த நோட்டிலும் எழுதாமலே வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டாள்.

சந்தேகத்துக்கு இடமுள்ளவற்றையும் சொல்லிவிட வேண்டும். கையால் எழுதுவது மடிக்கணினியில் தட்டுவதைவிட மேல் என்று 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இருவர் எழுதிய கட்டுரை உலகம் சுற்றி வந்தது. பிறகு 2019இல் வேறு குழு அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அவ்வளவு தெளிவாக வரவில்லை. ஆகவே தோழி டேப்லெட்டில் எழுதினால் எழுதட்டும். நீங்கள் கையால் எழுதினால் எழுதுங்கள். கார்னெல் மற்ற முறைகளைத் தோற்கடிக்கும் என்றும் நான் சத்தியம் செய்யமாட்டேன். இடப்பக்கக் கேள்வியை மூடித் திறந்து பயன்படுத்தாவிட்டால் அதுவும் கோடு போட்ட சாதாரண நோட்டுதான். நிறப் பேனாவை முழுவதுமாக விடச் சொல்லவில்லை. ஒரே ஒரு சிவப்பு வைத்துக்கொண்டு 'எப்போது ஓடிப்போய்ச் சொல்வேன்' என்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

இனி அந்த மூன்று வாரம். நான்கு நோட்டையும் திரும்ப எழுதாதீர்கள். அது இன்னொரு பிரதி ஆகிவிடும். ஸ்டேஷனரிக் கடையில் ஒட்டும் தாள் ஒரு கட்டு வாங்குங்கள். பழைய நோட்டின் ஒவ்வொரு பக்க ஓரத்திலும் ஒரு தாள் ஒட்டி, அதில் இரண்டே இரண்டு கேள்வி எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. கேள்வி எழுத வராத பக்கம் உங்களுக்குப் புரியாத பக்கம். அதன் மூலையை மடித்துவைத்து மறுநாள் ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். இரவில் பிரதி எடுத்த நேரத்தில் பக்கத்தை மூடி, கேள்வியை மட்டும் பார்த்து வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். சரியாகச் சொன்ன பக்கத்துக்கு மூன்று நாள் விடுமுறை. தப்பாகச் சொன்னதற்கு நாளையே மறுதேர்வு. அறைத்தோழி இருந்தால் நோட்டை அவர் கையில் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். முதலில் நர்சிங் ஃபவுண்டேஷன்ஸ் என்ற அடிப்படைப் பாடத்தின் நோட்டில் தொடங்குங்கள், அடுத்த வாரம் வார்டிலும் அதுதான் தேவைப்படும். மூலை மடித்த பக்கங்கள் எத்தனை வந்தன என்று ஒரு வாரம் கழித்து எழுதுங்கள். பத்துக்கு மேல் போனால் எந்தப் பாடம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், அதற்குத் தனியாக வழி பார்ப்போம்.